வடிநீரில் போகும் மருந்து

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம். ஓராண்டுக்குக் கணக்குப் போட்டால் 110 கிராம். பத்து லட்சம் பேருக்கு 110 டன். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் தினமும் விழுங்கும் மாத்திரையில் இருக்கிற டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் ஃப்யூமரேட் என்ற பொருளின் கணக்கு இது. உலகம் முழுக்க 3 கோடிக்கும் அதிகமானோர் இன்று எச்.ஐ.வி. சிகிச்சையில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் மாத்திரையில் டெனோஃபோவிர் உண்டு. ஆக, ஆயிரக்கணக்கான டன். இந்த அளவில் சமைக்கும்போது ஒரு சதவீதம் வீணானாலும் இருபது, முப்பது டன் வீண்.

மருந்து விலையைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருவதை விடாமல் படிக்கிறவன் நான். காப்புரிமைச் சட்டம் வரும், பன்னாட்டு நிறுவனங்களின் லாப வெறி வரும், உலக வர்த்தக அமைப்பு வரும். ரியாக்டருக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் வராது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்த கையோடு சென்னை வந்து சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறிய பையன்களில் நானும் ஒருவன். ஐதராபாத்தை ஒட்டிய பட்டன்சேரு, பொல்லாரம் பக்கத்து மூலமருந்து ஆலைகளில் வேலை பார்த்தே தலை நரைத்தது. அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். வைரஸ் எதிர்ப்பு மருந்துகளின் தயாரிப்பு முறையைச் செம்மைப்படுத்துவது ஒரு பொதுப்பணி. அதை அரசு தன் செலவில், தன் ஆய்வகங்களில் செய்து, கண்டதையெல்லாம் வெளிப்படையாக அச்சிட வேண்டும். கம்பெனிகள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் நடக்காது. அவர்களுக்குக் கெட்ட எண்ணம் என்று சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் அது கட்டுப்படியாகாது.

டெனோஃபோவிரின் கதையையே எடுத்துக்கொள்வோம். பிராக் நகரத்து வேதியியலாளர் அன்டோனின் ஹோலியும் பெல்ஜியத்தின் லூவன் நகரத்து எரிக் டி கிளெர்க்கும் சேர்ந்து ஆராய்ந்த மூலக்கூறுக் குடும்பத்தில் வந்தது அது. கிலியட் நிறுவனம் அதை மாத்திரையாக்கி 2001 அக்டோபரில் அமெரிக்க அனுமதி வாங்கியது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் மும்பையின் சிப்ளா, மூன்று எச்.ஐ.வி. மருந்துகளை ஓராண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்து உலகத்தை உலுக்கியிருந்தது. மேலைநாட்டு விலை அப்போது பத்தாயிரம் டாலருக்கு மேல். நம் நாட்டில் 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அந்த எட்டில் ஒன்று.

அன்று கொடுத்த கூட்டு மருந்தில் ஸ்டாவுடின் இருந்தது. உயிரைக் காத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாளாக ஆக உள்ளங்கால் எரியும். கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போகும். வியாதியை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வாழ்ந்தவர்களை, ஒட்டிய கன்னமே ஊருக்குக் காட்டிக்கொடுத்தது. டெனோஃபோவிரில் இந்தத் தொல்லை இல்லை என்று மருத்துவர்களுக்குத் தெரியும். 2009-ல் உலக சுகாதார நிறுவனமே ஸ்டாவுடினை விட்டு விலகச் சொன்னது. விலகவிடாமல் பிடித்து வைத்தது விலை. ஸ்டாவுடின் நாளைக்கு 60 மில்லிகிராம் போதும். டெனோஃபோவிர் 300 வேண்டும். ஐந்து மடங்கு எடை, அதற்கு மேல் சிக்கலான தயாரிப்பு. காப்புரிமையை மட்டும் குற்றம் சொல்லி இங்கே தப்பிக்க முடியாது. 2006-லேயே கிலியட் இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. 2009-ல் இந்தியக் காப்புரிமை அலுவலகம் டெனோஃபோவிர் விண்ணப்பங்களை நிராகரித்தும்விட்டது. சட்டத்தின் கதவு திறந்தாயிற்று. உள்ளே நின்றது வேதியியல்.

அந்த வேதியியலைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். அடினின் என்ற வெள்ளைப் பொடியில் வேலை தொடங்கும். அதோடு புரொப்பிலீன் கார்பனேட்டை, அதிலும் இடம் வலம் பார்த்து ஒரே வடிவத்தில் இருப்பதை மட்டும், டி.எம்.எஃப். என்ற கரைப்பானில் சேர்த்துச் சூடாக்க வேண்டும். இரண்டாவது படியில் பாஸ்பரஸ் உள்ள துண்டு ஒன்று வந்து ஒட்டுகிறது. ஒட்டவைப்பது மெக்னீசியம் டெர்ட்-பியூட்டாக்சைடு. மூன்றாவது படியில் அந்தத் துண்டின் இரண்டு எதில் தொப்பிகளைக் கழற்ற வேண்டும். இதற்கு மூல முறையில் புரோமோட்ரைமெதில்சைலேன் என்ற திரவம். விலை அதிகம், காற்றில் இருக்கிற ஈரத்தைக் கண்டாலே புகைந்து அமில ஆவி கக்கும், ரியாக்டரின் எஃகுப் பகுதிகளை அரிக்கும். நான்காவதில், மருந்து குடலில் உறிஞ்சப்படுவதற்காக இரண்டு கார்பனேட் கைகளைப் பொருத்த வேண்டும். கடைசியில் ஃப்யூமரிக் அமிலத்தோடு உப்பாக்கிப் படிகமாக்கினால் மருந்து.

நான்காவது படிதான் ஆளைக் கொல்லும். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் ஏறாது. ஒரு கை மட்டும் ஏறியது இம்ப்யூரிட்டி, வேண்டாத மாசு. சரி, இரண்டாவதும் ஏறட்டும் என்று கூடுதல் நேரம் சூட்டில் வைத்தால், ஏற்கெனவே இரண்டும் ஏறியது சிதைய ஆரம்பிக்கும். எங்கே நிறுத்துவது? நிறுத்தினாலும் விட்டதா? கரைப்பான் என்.எம்.பி.; அதன் கொதிநிலை 202 டிகிரி. காய்ச்சி இறக்க முடியாது, தண்ணீர் விட்டுத்தான் பிரிக்க வேண்டும். இந்த மருந்துக்குத் தண்ணீரும் ஆகாது. இரண்டு லேயரும் பிரியும் வரை அது ஈரத்தில் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டே இருக்கும்.

ஆய்வகத்துக் குடுவையில் இதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரியாது. ஐந்து லிட்டர் குடுவையிலிருந்து ஐயாயிரம் லிட்டர் ரியாக்டருக்குப் போனால் கொள்ளளவு ஆயிரம் மடங்கு கூடுகிறது. ஆனால் சூட்டை வாங்கவும் விடவும் செய்கிற சுவரின் பரப்பு நூறு மடங்குதான் கூடும். அதனால் சூடாக்கவும் நேரம், ஆறவைக்கவும் நேரம், லேயர் பிரியவும் நேரம், சென்ட்ரிஃப்யூஜில் சுற்றவும் நேரம். நான் புதிதாகச் சேர்ந்திருந்தபோது எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ், மதுரைக்காரர், சொல்வார்: “தம்பி, இது லேப் இல்ல. இங்க அவசரம்னா எட்டு மணி நேரம்.” அந்த எட்டு மணி நேரமும் உடையக்கூடிய மூலக்கூறு சும்மா இருக்காது. லேப் நோட்டில் 80 சதவீதம் என்று எழுதியிருக்கும் ஈல்டு, அதாவது கையில் கிடைக்கும் அளவு, பிளான்டில் 65-க்கு வந்து நிற்பது இப்படித்தான்.

காணாமல் போனது எங்கே போயிற்று? பாதி உடைந்து இம்ப்யூரிட்டியாயிற்று. மீதி எம்.எல்.லில். படிகத்தைச் சுற்றி எடுத்தபின் மிஞ்சும் வடிநீரை, மதர் லிக்கரை, ஆலையில் அப்படித்தான் சொல்வோம். நல்ல மருந்து அதில் கரைந்து கிடக்கும். மீட்க ஆகும் செலவு மருந்தின் விலையைத் தாண்டினால் நேரே கழிவுத் தொட்டிக்கு. எளிய கணக்கு ஒன்று. நான்கு படிகள், படிக்கு 80 சதவீதம் கிடைத்தால் கடைசியில் கையில் நிற்பது 41 சதவீதம். படிக்கு 90 கிடைத்தால் 66 சதவீதம். அதே மருந்தை எடுக்க வாங்கும் மூலப்பொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். கரைப்பானும் மிச்சம், நீராவியும் மிச்சம், ரியாக்டர் ஓடும் நாட்களும் மிச்சம்.

இந்த இடத்தில்தான் ஒரு நல்ல காரியம் நடந்தது. கிளின்டன் சுகாதார அமைப்பின் வேதியியலாளர்கள், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஃபார்ச்சுனாக் போன்றவர்களோடு சேர்ந்து, டெனோஃபோவிரை வணிக அளவில் செய்யும் முறையைப் படிப்படியாகப் பிரித்து மேய்ந்தார்கள். புதிய மருந்து கண்டுபிடிப்பதல்ல நோக்கம். இருக்கிற மருந்தை, இருக்கிற ரியாக்டர்களில், குறைந்த வீணோடு செய்வது. புகையும் அந்த சைலேன் திரவத்துக்குப் பதிலாகத் தண்ணீரில் கரைந்த ஹைட்ரோபுரோமிக் அமிலத்தை வைத்தே எதில் தொப்பிகளைக் கழற்றிவிட்டு, காரம் விட்டு அமிலத்தன்மையைச் சரிசெய்தால், கைகள் இன்னும் ஏறாத டெனோஃபோவிர் தண்ணீரிலிருந்தே படிகமாக வந்து விழும். இப்படிப்பட்ட மாற்றங்கள். பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். எந்த விருதும் கிடைக்காது. முடிவை 2010-ல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழில், யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்து பார்க்கும்படி வெளியிட்டார்கள். 

பிறகு விலை என்னவாயிற்று? டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை 2017-ல் ஓராண்டுக்கு 75 டாலர் என்று ஒப்பந்தமானது. 2023-ல் குளோபல் ஃபண்ட் 45 டாலருக்கும் கீழே வாங்கியது. நம் பணத்தில் நாளைக்குப் பத்து ரூபாய். மூன்று மருந்தும் சேர்ந்து ஆண்டுக்கு 237 கிராம் என்றால், கிராம் பதினாறு ரூபாய்க்கும் கீழே, அதுவும் மாத்திரையாக அடித்து டப்பாவில் போட்டு. இத்தனைக்கும் வேதியியல் மட்டுமே காரணம் என்று சொன்னால் நான் பொய்யன். கம்பெனிகளுக்கு இடையே போட்டி, மொத்தக் கொள்முதல், நோயாளிகளின் போராட்டம் எல்லாம் உண்டு. ஆனால் போட்டியால் ஒரு வியாபாரி தன் லாபத்தைத்தான் குறைத்துக்கொள்ள முடியும். அடக்கவிலைக்குக் கீழே அவனால் போக முடியாது. அடக்கவிலையை இறக்கும் வேலை ரியாக்டரில்தான் நடந்தாக வேண்டும்.

இது ஒற்றை அதிர்ஷ்டமும் அல்ல. அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரத்து வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் கப்டன் குழு நெவிரப்பினை எடுத்துக்கொண்டு, மொத்த ஈல்டை 91 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. கொரோனா காலத்தில் மோல்னுபிராவிர் என்றொரு மருந்து வந்தது. முதலில் வெளியான முறையில் யூரிடினில் தொடங்கி ஐந்து படிகள், மொத்தம் 17 சதவீதம். அதே ரிச்மண்ட் ஆட்கள், யூரிடினுக்குப் பதில் சைட்டிடினில் தொடங்கி இரண்டே படிகளில் முடித்து, ஈல்டையும் பல மடங்கு கூட்டிக் காட்டினார்கள். மருந்தாக அது பெரிதாகச் சோபிக்கவில்லை என்பது வேறு கதை. நான் சொல்ல வருவது, இரண்டு வேலைக்கும் பணம் கொடுத்தது மருந்துக் கம்பெனி அல்ல, ஓர் அறக்கட்டளை. மருந்தில் பெரும்பகுதியைச் செய்வது நம் ஐதராபாத், விசாகப்பட்டினம். எப்படிச் செய்யலாம் என்று யோசிப்பதற்குப் பணம் வருவது அமெரிக்கச் செல்வந்தர் ஒருவரின் அறக்கட்டளையிலிருந்து. எனக்கு இது கூச்சமாக இருக்கிறது.

அழகான வேதியியல் எல்லாம் ஆலைக்கு உதவும் என்றும் நினைக்கக் கூடாது. 2005-ல் பறவைக் காய்ச்சல் பயம் வந்தபோது டாமிஃப்ளு மாத்திரைக்கு உலகமே அடித்துக்கொண்டது. அதன் மூலப்பொருள் ஷிகிமிக் அமிலம்; அது கிடைத்தது நாம் பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவில். சீனாவின் குவாங்ஷி மலைப்பக்கத்து விளைச்சல்தான் உலகத்தின் மாத்திரைக் கையிருப்பைத் தீர்மானித்தது. நோபல் பரிசு பெற்ற ஈ.ஜே. கோரி மறு ஆண்டே, அன்னாசிப்பூவே வேண்டாத ஒரு பாதையை வெளியிட்டார். காப்புரிமை கூட எடுக்கவில்லை. ஜப்பானில் ஹயாஷி ஒரே பாத்திரத்தில் செய்து காட்டினார். படித்தால் கைதட்டத் தோன்றும். ஆலைகள் ஷிகிமிக் அமிலத்தோடுதான் தொடர்ந்தன; அன்னாசிப்பூவோடு, பாக்டீரியாவை நொதிக்கவிட்டு ஷிகிமிக் அமிலம் எடுக்கும் வழியும் சேர்ந்துகொண்டது. புதுப் பாதை ஒன்று ஐயாயிரம் லிட்டருக்கு வர, இடையில் கிலோ லேப், பைலட் பிளான்ட் என்று யாராவது உட்கார்ந்து அலுப்பான வேலை செய்தாக வேண்டும். அந்த அலுப்புக்குத்தான் ஆளில்லை.

மாற்றத்தில் ஆபத்தும் உண்டு. ரிட்டோனவிர் 1996-ல் வந்த எச்.ஐ.வி. மருந்து. இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக ஓடியது. 1998-ல் திடீரென்று வேறொரு படிக வடிவம் தலைகாட்டியது; கரையும் தன்மை குறைவு, காப்ஸ்யூலுக்குள் மருந்து உறைந்து நின்றது. பாலில் ஒரு சொட்டு உறைமோர் விழுந்த மாதிரி, புது வடிவத்தின் துகள் போன இடமெல்லாம் பழைய வடிவத்தைச் செய்ய முடியாமல் போயிற்று. அபாட் நிறுவனம் காப்ஸ்யூலைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டு, நோயாளிகளைக் கசப்பான திரவ மருந்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2007-ல் நெல்ஃபினாவிர். அமிலத் தொட்டி ஒன்றை எத்தனால் விட்டுக் கழுவியிருக்கிறார்கள். மிஞ்சிய எத்தனாலும் மீத்தேன்சல்ஃபோனிக் அமிலமும் சேர்ந்து எதில் மெசிலேட் உண்டாயிற்று. மரபணுவைச் சேதப்படுத்தும் பொருள். ரோஷ் நிறுவனம் ஐரோப்பாவில் மருந்தைத் திரும்பப் பெற்றது. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை, ஒரு தொட்டி கழுவியதுதான். ஆகவே ‘முறையை மாற்று, ஈல்டைக் கூட்டு’ என்று கம்பெனியை விரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. எந்தப் படியில் எந்த இம்ப்யூரிட்டி வரும், அதை எப்படி அளப்பது என்பதையும் சேர்த்து ஆராய்ந்தால்தான் அது செம்மை. அந்த ஆராய்ச்சிக்கு இன்னும் காசு ஆகும்.

இப்போது கம்பெனியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். பதிவான முறையில் ஒரு கரைப்பானை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புது முறையில் மூன்று பேட்ச் எடுக்க வேண்டும். 40 டிகிரி சூட்டிலும் 75 சதவீத ஈரத்திலும் ஆறு மாதம் வைத்து, மருந்து நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தொடங்கி, மருந்தை வாங்கும் ஒவ்வொரு நாட்டின் கட்டுப்பாட்டு அலுவலகம் வரை தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். இத்தனையும் செய்து அடக்கவிலை இறங்கினால், அடுத்த டெண்டரில் எல்-1 என்னும் ஆகக் குறைந்த விலை அதற்கேற்ப இறங்கும்; போட்ட காசு திரும்பாது. ஒவ்வொரு ஆண்டும் டெண்டர், குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர், அடுத்த ஆண்டு ஆர்டர் உண்டா என்று உறுதியில்லை. இந்த நிலையில் எந்த எம்.டி. ஆர் அண்ட் டி-க்குக் கையெழுத்துப் போடுவார்? நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றில் நல்ல திட்டம் ஒன்று கிலோ லேபில் முடிந்து, பிளான்டுக்கு வராமலே ஃபைலில் தூங்கியது. யாரையும் திட்டத் தோன்றவில்லை. கணக்கு அப்படி. இன்னொரு பக்கம், விலையை மட்டும் பார்த்துப் பிழிகிற கொள்முதலால் சரக்கே வராமல் போவதும் உண்டு. 2022 ஜூலையில் டெல்லியில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் மாத்திரை கேட்டு நோயாளிகள் ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருந்ததை மறந்துவிடக் கூடாது.

வீணாவதைக் குறைப்பது விலைக்காக மட்டுமல்ல. ஒரு கிலோ மருந்துக்கு 25 முதல் 100 கிலோ வரை கழிவு என்பது ரோஜர் ஷெல்டன் 1992-ல் போட்ட கணக்கு. அதில் பெரும்பகுதி கரைப்பான். பட்டன்சேரு பக்கம் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். 2007-ல் சுவீடன் ஆய்வாளர்கள் அங்கே தொண்ணூறு ஆலைகளின் கழிவு சேரும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் கண்டார்கள். 2024 ஆகஸ்டில் அச்சுதாபுரத்து மருந்து ஆலையில் கரைப்பான் கசிந்து ஆவியாகி வெடித்ததில் 17 பேர் இறந்தார்கள். கரைப்பான் பாதியானால் கசியக்கூடியதும் பாதி.

அரசு ஆய்வகங்களால் இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1990-களின் தொடக்கத்தில் ஐதராபாத் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிலையத்தில் ஏ.வி. ராமாராவ் குழு, எச்.ஐ.வி.க்கு முதலில் வந்த மருந்தான ஏ.இசட்.டி.யைத் தயாரிக்கும் முறையை உருவாக்கி சிப்ளாவிடம் கொடுத்தது. சிப்ளா 1993-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2001-ன் 350 டாலர் அறிவிப்புக்குப் பின்னால் ஓர் அரசு ஆய்வகத்தின் வேலை இருந்ததை நாம் வசதியாக மறந்துவிட்டோம். 

மறந்ததன் விலையை 2020-ல் கொடுத்தோம். கொரோனா வந்ததும் அதே ஆய்வகத்தை அவசரமாக ஃபாவிபிராவிருக்குத் திருப்பினார்கள். உள்நாட்டு மூலப்பொருள்களைக் கொண்டே முறை தயாரானது, சிப்ளாவிடம் போனது, மாத்திரை 68 ரூபாய்க்கு வந்தது. சந்தையில் முதலில் வந்த மாத்திரை 103 ரூபாய். வேதியியலாளர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள், மருந்துதான் பிரயோஜனப்படவில்லை. ரெம்டெசிவிர் இன்னொரு கூத்து. அதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை செய்ய முதலில் ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. கிலியட் விழுந்து விழுந்து வேலை செய்து ஆறு மாதமாக்கியது. நடுவில் சயனைடு ஏற்றும் படி ஒன்று, உறைகுளிரில் செய்ய வேண்டியது. எல்லா ஆலையிலும் அந்த வசதி கிடையாது. 2021 ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் நம் மக்கள் பகலில் வெயிலிலும் இரவில் விடிய விடியவும் வரிசையில் நின்றார்களே, அந்த வரிசையின் ஒரு முனை இந்தப் படியில் இருந்தது. மரணத்தைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் சோதனை அதற்கு ஆறு மாதம் முன்பே சொல்லியிருந்தது என்பது கூடுதல் வேதனை. தொற்று வந்தபின் முறை தேடினால் இப்படித்தான் ஆகும். இன்ஃப்ளூயன்சா, ஹெபடைட்டிஸ், எச்.ஐ.வி., கொரோனா என்று ஏற்கெனவே மருந்து தெரிந்த வைரஸ்களுக்கு, தொற்று இல்லாத காலத்தில் உட்கார்ந்து முறைகளைத் தயாராக வைத்துக்கொள்ளலாம்.

மத்திய அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மூலமருந்துகளுக்குச் சீனாவை நம்பியிருப்பதைக் குறைக்க 2020-ல் 6,940 கோடி ரூபாயில் உற்பத்தி ஊக்கத் திட்டம் வந்தது. 41 பொருள்கள், அவற்றில் அசைக்ளோவிர், லோபினாவிர், ரிட்டோனவிர் மூன்றும் வைரஸ் மருந்துகள். வேதிமுறையில் செய்பவற்றுக்கு விற்பனையில் 10 சதவீதம் ஊக்கத்தொகை. எவ்வளவு விற்றாய் என்று கேட்கிறது திட்டம். எவ்வளவு வீணாக்கினாய் என்று கேட்பதில்லை. 41 சதவீத ஈல்டில் செய்தவருக்கும் 66 சதவீதத்தில் செய்தவருக்கும் ஒரே ஊக்கம்.

அடுத்து வரும் மருந்துக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். லெனகாபவிர் என்ற ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டால், அது எச்.ஐ.வி. தொற்றாமல் காக்கும். 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது. அங்கே விலை ஆண்டுக்கு 28,218 டாலர். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டெரோவும், 2027 முதல் 120 நாடுகளுக்கு ஆண்டுக்கு 40 டாலரில் தருவதாக உடன்பாடு செய்துகொண்டன. இரண்டும் ஐதராபாத் கம்பெனிகள். ஒரு தவணைக்கு 927 மில்லிகிராம். ஆண்டுக்கு இரண்டு கிராமுக்கும் கீழே. பத்து லட்சம் பேருக்கு இரண்டு டன் கூட வேண்டாம். ஆனால் மூலக்கூறின் எடை 968. பத்து ஃப்ளோரின் அணுக்கள். தனித்தனியாகச் செய்து கோக்க வேண்டிய பல துண்டுகள். எடை குறைவு, படிகள் ஏராளம். டன்னுக்கும் விற்பனைக்கும் ஊக்கம் கொடுக்கிற திட்டத்துக்கு இப்படிப்பட்ட மருந்து கண்ணிலேயே படாது. 40 டாலர் என்பதை 20 டாலராக்க வழி இருந்தால், அது அந்தத் துண்டுகளில் ஏதோ ஒன்றின் எம்.எல்.லில் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய தொகையல்ல. அந்த 6,940 கோடியில் நூற்றில் ஒரு பங்கு, எழுபது கோடி ரூபாய், ஒரு நல்ல கிலோ லேபையும் பைலட் பிளான்டையும் சில ஆண்டுகள் நடத்தத் தாங்கும். ஐதராபாத் ஆய்வகத்திலேயே வைக்கலாம். கட்டடம் கட்டுகிறேன் என்று புது நகரத்தில் நிலம் தேட வேண்டாம். பேராசிரியர்களோடு, ஓய்வுபெற்ற பிளான்ட் ஆட்களையும் ஷிஃப்ட் இன்சார்ஜ்களையும் சம்பளம் கொடுத்து உட்காரவைக்க வேண்டும். லேயர் ஏன் பிரியவில்லை என்பதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல முடியாது. செம்மைப்படுத்திய முறைக்கு மாறுகிற கம்பெனிக்கு, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு மூன்றாண்டு ஆர்டராவது உறுதி கொடுக்க வேண்டும். தாக்கல் செலவை அரசு ஏற்கலாம். முதல் மூலக்கூறாக லெனகாபவிரை எடுத்துக்கொள்ளட்டும். முடிவுகளை ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும்போது ஈல்டோடு, எந்தப் படியில் எவ்வளவு எம்.எல்.லில் போனது, எந்த இம்ப்யூரிட்டி எந்த வெப்பநிலையில் ஏறியது, எந்த பேட்ச் ஏன் கெட்டது என்ற பதிவும் அதில் இருக்க வேண்டும். கம்பெனிகள் வெளியே காட்டாத பக்கம் அதுதான். அடுத்த ஆலைக்காரருக்கு முதலில் வேண்டியதும் அதுதான்.